துப்பாக்கிச் சூட்டு வழக்குகளில் கொலைக் குற்றச்சாட்டு

துப்பாக்கியால் சுடப்பட்டு ஒருவர் இறக்கும்போது, சுட்டவர் மீது கொலைக் குற்றம் சாட்டுவதா, கொலைக் குற்றமாகாத மரணம் விளைவித்தல் என்னும் குறைந்த குற்றம் சாட்டுவதா, அல்லது கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்று மட்டும் கொள்வதா என்பது குற்றவியல் சட்டத்தின் கடினமான கேள்விகளுள் ஒன்றாகும். மூன்றிலும் இறப்பு ஒன்றே. வேறுபாடு சுட்டவரின் மனநிலையில் உள்ளது. மனநிலையை நேரில் காண இயலாது என்பதால் குண்டு, காயம், தொலைவு, முன்பின் நடத்தை ஆகிய வெளிப்படைச் செய்திகளிலிருந்தே அது உய்த்துணரப்படுகிறது. இந்தத் தெரிவைப் பொறுத்துத் தண்டனை சில ஆண்டுச் சிறையாகவோ, ஆயுள் சிறையாகவோ, தூக்குத் தண்டனையாகவோ அமையக்கூடும்.

இக்கட்டுரை இந்தியச் சட்டத்தில், குறிப்பாகத் தமிழ்நாட்டின் நடைமுறையில், இத்தெரிவு எவ்வாறு நிகழ்கிறது என்பதை விளக்குகிறது. இந்தியாவில் இதை அரசு வழக்கறிஞர் தனித்து முடிவு செய்வதில்லை. காவல்துறை, அரசு வழக்கறிஞர், நீதிபதி ஆகிய மூவரிடையே இம்முடிவு படிப்படியாக உருவாகிறது.

சட்டப் பிரிவுகள்

இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் இயற்றப்பட்டு, 1862 சனவரி 1 முதல் 2024 சூன் 30 வரை நடைமுறையில் இருந்தது. 2024 சூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சங்கிதை நடைமுறைக்கு வந்தது. பிரிவு எண்கள் மாறினாலும் கொலை பற்றிய வரையறைகள் பெரும்பாலும் மாறவில்லை. அந்நாளுக்கு முன் நிகழ்ந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால் இரு எண்களையும் அறிந்திருத்தல் தேவையாகிறது.

* கொலை: பழைய சட்டத்தில் பிரிவு 300, தண்டனை 302. புதிய சட்டத்தில் 101, 103. தண்டனை மரணம் அல்லது ஆயுள் சிறை, அத்துடன் அபராதம்.
* கொலைக் குற்றமாகாத மரணம் விளைவித்தல்: பழைய பிரிவு 304, புதிய பிரிவு 105. இதில் இரு பகுதிகள் உண்டு. உள்நோக்கத்துடன் செய்திருந்தால் ஆயுள் சிறை அல்லது 10 ஆண்டு வரை சிறை. புதிய சட்டம் இதற்குக் குறைந்தது 5 ஆண்டு என வரையறுத்துள்ளது. உள்நோக்கமின்றி, மரணம் நேரக்கூடும் என்ற அறிவுடன் மட்டும் செய்திருந்தால் 10 ஆண்டு வரை சிறை.
* கவனக்குறைவால் மரணம் விளைவித்தல்: பழைய பிரிவு 304அ, புதிய பிரிவு 106. பழைய சட்டத்தில் 2 ஆண்டு வரை சிறை. புதிய சட்டத்தில் பொதுவாக 5 ஆண்டு வரை.
* கொலை முயற்சி: பழைய பிரிவு 307, புதிய பிரிவு 109. சுடப்பட்டவர் பிழைத்துக்கொண்டால் இப்பிரிவு பொருந்தும். இதற்கும் குறைந்த வடிவம் ஒன்று உண்டு. அது பழைய பிரிவு 308, புதிய பிரிவு 110.

வரலாற்றுப் பின்னணி

வேண்டுமென்று கொல்வதையும் தவறிக் கொல்வதையும் பிரித்துப் பார்க்கும் வழக்கம் தமிழகத்தில் பழமையானது. தொண்டை மண்டலத்தில், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள சீயமங்கலத்தின் சோழர் காலக் கல்வெட்டு ஒன்று இதற்குச் சான்றாகும். வேட்டைக்குச் சென்ற ஒருவன் தவறுதலாகத் தன் ஊரைச் சேர்ந்த ஒருவனை எய்து கொன்றுவிட்டான். நாட்டார் கூடி ஆராய்ந்து, கவனமின்மைக்காக அவன் சாக வேண்டியதில்லை என்றும், கோயிலில் விளக்கெரிக்க வேண்டும் என்றும் முடிவு செய்தனர். விளக்குக்கு நெய் கிடைக்க அவன் பசுக்களை அளித்தான். எய்தவனின் மனநிலையைக் கருதித் தண்டனையைக் குறைத்த தீர்ப்பு இது.

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலக் கல்வெட்டுகள் (10ஆம் நூற்றாண்டின் முற்பகுதி) குடவோலைத் தேர்தலுக்காகப் புகழ்பெற்றவை. பெரும் பாதகம் செய்தவர்கள் வாரியங்களில் உறுப்பினராக இயலாது என்று அவை விதிக்கின்றன. குற்றத்தின் தன்மையைத் தரம் பிரித்து அதற்கேற்ப விளைவை வகுக்கும் பொறுப்பை அக்காலச் சபைகளும் ஏற்றிருந்தன என்பதை இவ்விரு ஊர்க் கல்வெட்டுகளும் காட்டுகின்றன.

இன்று நடைமுறையில் உள்ள வரையறையின் வேர் மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837இல் அணியமாக்கிய வரைவில் உள்ளது. அவ்வரைவு பல திருத்தங்களுக்குப் பின் 1860இல் சட்டமாயிற்று.

சட்டம் வரையும் கோடு

சட்டம் முதலில் மரணம் விளைவிக்கும் குற்றம் என்ற பரந்த வகையை வரையறுக்கிறது. கொல்லும் உள்நோக்கத்துடனோ, மரணம் நேரக்கூடிய காயத்தை உண்டாக்கும் உள்நோக்கத்துடனோ, மரணம் நேரக்கூடும் என்று அறிந்தோ ஒரு செயலைச் செய்து அதனால் ஒருவர் இறந்தால் அது இவ்வகையில் அடங்கும். இவ்வகைக்குள் மேலும் கடுமையானவை கொலை எனப்படுகின்றன. எல்லாக் கொலைகளும் மரணம் விளைவிக்கும் குற்றங்களே. ஆனால் மரணம் விளைவிக்கும் குற்றங்கள் எல்லாம் கொலைகள் அல்ல. புன்னையா வழக்கில் (1976) உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவாக விளக்கியது.

கீழ்க்காணும் நான்கில் ஒன்று இருந்தால் அது கொலையாகும்:

# கொல்லும் உள்நோக்கம்.
# குறிப்பிட்ட அந்த நபர் இறக்கக்கூடும் என்று அறிந்தே காயப்படுத்தும் உள்நோக்கம். எடுத்துக்காட்டாக, அவர் நோயாளி என்று தெரிந்து அடித்தல்.
# இயல்பான போக்கில் மரணத்தை விளைவிக்கப் போதுமான காயத்தை உண்டாக்கும் உள்நோக்கம்.
# தன் செயல் ஏறத்தாழ உறுதியாக மரணத்தை விளைவிக்கும் அளவுக்கு ஆபத்தானது என்று அறிந்தும், தக்க காரணமின்றி அதைச் செய்தல்.

துப்பாக்கி வழக்குகளில் மூன்றாவது கூறு பெரிதும் பயன்படுகிறது. விர்சா சிங் வழக்கில் (1958) உச்ச நீதிமன்றம் இதற்கு விளக்கம் அளித்தது. கொல்லும் எண்ணம் இருந்ததா என்பது இங்கு கேள்வியன்று. அந்தக் குறிப்பிட்ட காயத்தை உண்டாக்கும் எண்ணம் இருந்ததா, அக்காயம் மரணத்துக்குப் போதுமானதா என்பவையே கேள்விகள். முதற் கேள்வி குற்றவாளியின் மனத்தைப் பற்றியது. இரண்டாவது மருத்துவச் சான்றைப் பற்றியது. எனவே "நெஞ்சில் சுட்டேன், ஆனால் கொல்ல நினைக்கவில்லை" என்ற வாதம் பெரும்பாலும் எடுபடாது.

சட்டத்திலேயே தரப்பட்டுள்ள இரு எடுத்துக்காட்டுகள் கோட்டின் இரு முனைகளையும் காட்டுகின்றன. ஒருவன் திருடித் தின்னும் எண்ணத்துடன் ஒரு கோழியைச் சுடுகிறான். புதருக்குப் பின்னால் இருந்த ஒருவர் இறக்கிறார். அவர் அங்கிருப்பது சுட்டவனுக்குத் தெரியாது. அவன் செய்தது சட்டவிரோதமான செயலே. ஆயினும் அது மரணம் விளைவிக்கும் குற்றம் ஆகாது. மாறாக, ஒருவன் தக்க காரணமின்றி மக்கள் கூட்டத்தை நோக்கிப் பீரங்கியால் சுடுகிறான், ஒருவர் இறக்கிறார். குறிப்பிட்ட எவரையும் கொல்லும் திட்டம் அவனுக்கு இல்லாவிடினும் அது கொலை.

ஐந்து விதிவிலக்குகள்

மேற்கண்ட நான்கில் ஒன்று பொருந்தினாலும், கீழ்க்காணும் சூழல்களில் கொலையானது கொலைக் குற்றமாகாத மரணமாகக் குறைகிறது:

* கடுமையான, திடீர் ஆத்திரமூட்டலால் தன் கட்டுப்பாட்டை இழந்து செய்தது.
* தற்காப்பு உரிமையை நல்லெண்ணத்துடன் பயன்படுத்தும்போது, முன்திட்டமின்றி எல்லை மீறியது.
* அரசு ஊழியர் தம் கடமையைச் செய்யும்போது, சட்டத்துக்கு உட்பட்டது என்று நல்லெண்ணத்துடன் நம்பி, இறந்தவர் மீது பகையின்றி அதிகாரத்தை மீறியது.
* முன்திட்டமில்லாத திடீர்ச் சண்டையில், கொடூரமின்றிச் செய்தது.
* 18 வயதுக்கு மேற்பட்டவர் தாமே இசைந்து மரணத்தை ஏற்றது.

விதிவிலக்குக்கும் முழு விடுதலைக்கும் உள்ள வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும். தற்காப்பு உரிமையின் எல்லைக்குள் நின்று சுட்டவர் எக்குற்றமும் செய்தவராகார். எல்லையை மீறியவருக்கே விதிவிலக்கு தேவைப்படுகிறது. சொத்தைக் காப்பதற்காக உயிரைப் போக்கும் உரிமை மிகக் குறுகியது. கொள்ளை, இரவில் வீடு புகுதல், வீட்டுக்குத் தீ வைத்தல், மரணமோ கொடுங்காயமோ நேரும் என்று நியாயமாக அஞ்சத்தக்க திருட்டு போன்றவற்றுக்கே அது உண்டு. தோப்பில் மாங்காய் பறிப்பவரைச் சுடும் உரிமையைச் சட்டம் எவருக்கும் வழங்கவில்லை.

குற்றச்சாட்டை முடிவு செய்வது யார்

ஒரு வழக்கின் பிரிவு குறைந்தது மூன்று கட்டங்களைக் கடக்கிறது.

முதலில், காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதியப்படுகிறது. உடல் கிடைத்து, சுட்டவர் யாரென்றோ ஏன் சுட்டாரென்றோ தெரியாத நிலையில் பெரும்பாலும் கொலைப் பிரிவே இடப்படுகிறது. இது இறுதியானதன்று.

அடுத்து, புலனாய்வு முடிந்தபின் காவல்துறை குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்கிறது. இதில் பிரிவு மாறலாம். அரசு வழக்கறிஞரிடம் கருத்து கேட்பது உண்டு. எனினும் சட்டப்படி இம்முடிவு புலனாய்வு அதிகாரியுடையது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000இல் இதை வலியுறுத்தியது. புலனாய்வும் வழக்கு நடத்துதலும் வெவ்வேறு பணிகள் என்றும், அரசு வழக்கறிஞரின் கருத்தைப் பெற்றே இறுதி அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும் என்று காவல்துறையைக் கட்டாயப்படுத்த இயலாது என்றும் அது கூறியது.

மூன்றாவதாக, நீதித்துறை நடுவர் வழக்கை அமர்வு நீதிமன்றத்துக்கு அனுப்பிய பின், அரசு வழக்கறிஞர் தம் வழக்கை எடுத்துரைக்கிறார், எதிர்த்தரப்பும் கேட்கப்படுகிறது, அதன்பின் நீதிபதி குற்றச்சாட்டை வனைகிறார். குற்றப்பத்திரிகையில் உள்ள பிரிவு அவரைக் கட்டுப்படுத்தாது. தீர்ப்பு வழங்குவதற்கு முன் எந்நேரத்திலும் குற்றச்சாட்டை மாற்றும் அதிகாரமும் நீதிமன்றத்துக்கு உண்டு.

ஏன் பெரும்பாலும் கொலைக் குற்றச்சாட்டே வனையப்படுகிறது என்பதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உள்ளது. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவரை, சான்றுகள் அவ்வளவே காட்டினால், குறைந்த குற்றத்துக்குத் தண்டிக்கலாம். தனிக் குற்றச்சாட்டு தேவையில்லை. ஆனால் குறைந்த குற்றம் மட்டும் சாட்டப்பட்டவரை, குற்றச்சாட்டை மாற்றாமல் கொலைக்குத் தண்டிக்க இயலாது. மேலும் குற்றச்சாட்டு வனையும் கட்டத்தில் ஐயத்துக்கு இடமற்ற மெய்ப்பிப்பு தேவையில்லை. வலுவான ஐயம் இருந்தால் போதும். விதிவிலக்குகளை நிறுவும் பொறுப்பு குற்றஞ்சாட்டப்பட்டவருடையது என்பதால் அவை பெரும்பாலும் விசாரணையின் முடிவிலேயே எடைபோடப்படுகின்றன.

இவ்வழக்கம் இருபுறமும் வெட்டும். கடுமையான குற்றச்சாட்டின் கீழ் பிணை கிடைப்பது அரிது. ஆகவே இறுதியில் குறைந்த குற்றத்துக்கே தண்டிக்கப்படுபவரும் நெடுங்காலம் விசாரணைக் கைதியாக இருக்க நேரலாம். மறுபுறம், தொடக்கத்திலேயே கவனக்குறைவு என்று பதிந்துவிட்டால், அது பிணையில் விடத்தக்க குற்றமாகி, வழக்கு நடுவர் நீதிமன்றத்தோடு நின்றுவிடும். புலனாய்வின் ஆழமும் குறையும். எனவே இறந்தவரின் குடும்பத்துக்கு முதல் நாளில் எழுதப்படும் எண் மிக முக்கியமாகிறது.

எவற்றைக் கொண்டு மனநிலை அறியப்படுகிறது

* காயத்தின் இடம்: தலை, நெஞ்சு, வயிறு ஆகிய உயிர்நிலைகளா, கால்களா என்பது. முதுகில் உள்ள காயம் தற்காப்பு வாதத்தைப் பலவீனப்படுத்தும்.
* தொலைவு: மிக அருகிலிருந்து சுட்டால் தோலில் கருமையும் வெடிமருந்துத் துகள்களின் பதிவும் காணப்படும். பிணக்கூறாய்வு மருத்துவரும் தடயவியல் வல்லுநரும் இதைக் கொண்டு தொலைவைக் கணிக்கின்றனர்.
* குண்டுகளின் எண்ணிக்கை: ஒரு முறை சுட்டது தவறுதல் என்று கூற இடமுண்டு. மீண்டும் குண்டேற்றிச் சுட்டதை அவ்வாறு கூறுவது கடினம்.
* முன்நடத்தை: பகை, மிரட்டல், துப்பாக்கியைத் தேடி எடுத்து வந்தமை.
* பின்நடத்தை: காயமுற்றவரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றாரா, அல்லது ஆயுதத்தை மறைத்துத் தப்பினாரா என்பது.
* இடைவெளி: ஆத்திரம் மூண்டதற்கும் சுட்டதற்கும் இடையே தணிவதற்கு நேரம் இருந்ததா என்பது.

ஓர் எடுத்துக்காட்டு

பின்வருவது விளக்கத்துக்காகக் கற்பனையாக அமைத்தது. உத்திரமேரூர் வட்டத்து ஊர் ஒன்றில், ஏரிக்கரையை ஒட்டிய வயலில் உரிமம் பெற்ற துப்பாக்கியுடன் ஒரு விவசாயி இரவுக் காவல் இருக்கிறார் என்று கொள்வோம். அவர் சுட்டதில் பக்கத்து வயல்காரர் இறக்கிறார். துப்பாக்கியும் இடமும் இறந்தவரும் ஒன்றே; சூழல் மட்டும் மாறுகிறது.

# வரப்பில் சலசலப்பு கேட்டுக் காட்டுப்பன்றி என்று எண்ணி, விளக்கடித்துப் பாராமல் சுட்டார். உள்நோக்கமும் இல்லை, ஆள் இருப்பார் என்ற அறிவும் இல்லை. இது கவனக்குறைவு.
# நீர் பாய்ச்ச அவ்வழியே ஆட்கள் இரவில் வருவார்கள் என்று நன்கு அறிந்தும் அப்பாதையை நோக்கிச் சுட்டார். மரணம் நேரக்கூடும் என்ற அறிவு இருந்ததால் இது பிரிவு 105இன் இரண்டாம் பகுதியை நெருங்குகிறது.
# மடை திறப்பது பற்றி அப்போதே வாய்த்தகராறு மூண்டு, கைகலப்பாகி, கையிலிருந்த துப்பாக்கியால் சுட்டார். திடீர்ச் சண்டை என்னும் விதிவிலக்கு ஆராயப்படும்.
# அவர் அரிவாளுடன் பாய்ந்தபோது உயிருக்கு அஞ்சிச் சுட்டார். தற்காப்பு மெய்யானால் குற்றமே இல்லை. அரிவாள் கீழே விழுந்தபின்னும் ஆபத்து நீங்கவில்லை என்று நம்பிச் சுட்டிருந்தால், எல்லை மீறல் என்ற விதிவிலக்கு எழும்.
# மாலையில் தகராறு. வீட்டுக்குப் போய் உண்டு, துப்பாக்கியை எடுத்து வந்து, காத்திருந்து நெஞ்சில் சுட்டார். இது கொலை.

ஐந்திலும் முதல் நாள் இரவில் காவல்துறை காண்பது ஒரே காட்சியைத்தான்: வரப்பில் ஓர் உடல், அருகில் ஒரு துப்பாக்கி. மற்றவை எல்லாம் புலனாய்வில் வெளிவர வேண்டியவை.

புகழ்பெற்ற வழக்குகள்

நானாவதி வழக்கு

கடற்படை அதிகாரி கே. எம். நானாவதி 1959 ஏப்ரல் 27 அன்று பம்பாயில் தம் மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்றார். அவர் மீது கொலைக் குற்றமும், கொலைக் குற்றமாகாத மரணம் விளைவித்த குற்றமும் சாட்டப்பட்டன. சான்றாயர் குழு 8க்கு 1 என்ற கணக்கில் அவர் குற்றவாளி அல்லர் என்றது. அம்முடிவை ஏற்க மறுத்த அமர்வு நீதிபதி வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். உயர் நீதிமன்றம் கொலைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை விதித்தது. உச்ச நீதிமன்றம் 1961இல் அதை உறுதி செய்தது.

திடீர் ஆத்திரமூட்டல் என்ற வாதம் தோற்றதற்குக் காரணம் இடைவெளியாகும். மனைவி உண்மையைச் சொன்னபின் அவர் குடும்பத்தைத் திரையரங்கில் விட்டார். கப்பலுக்குச் சென்று வேறு காரணம் கூறித் துப்பாக்கியும் குண்டுகளும் பெற்றார். அலுவலகத்தில் தேடிவிட்டுப் பின் வீட்டுக்குச் சென்றார். ஏறத்தாழ மூன்று மணி நேரம் கடந்திருந்தது. அந்நேரத்தில் அவர் தம் கட்டுப்பாட்டை மீட்டிருந்தார் என்று நீதிமன்றம் கொண்டது. பொதுமக்களின் பரிவு அவர் பக்கம் இருந்தது. 1964இல் மகாராட்டிர ஆளுநர் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

எம். ஆர். இராதா வழக்கு

1967 சனவரி 12 அன்று நடிகர் எம். ஆர். இராதா, ம. கோ. இராமச்சந்திரனை அவரது இராமாவரம் தோட்டத்து இல்லத்தில் சுட்டார். இருவரும் குண்டுக் காயங்களுடன் பிழைத்தனர். அப்பகுதி அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்ததால் வழக்கு செங்கல்பட்டு அமர்வு நீதிமன்றத்துக்கு உரியதாயிற்று. உத்திரமேரூரும் அன்று அதே மாவட்டத்தில் இருந்தது. இறப்பு நேராததால் கொலை முயற்சிக் குற்றம் சாட்டப்பட்டது. இக்குற்றத்திலும் கேள்வி அதேதான்: அவர் இறந்திருந்தால் அது கொலையாகியிருக்குமா, அல்லது குறைந்த குற்றமாகியிருக்குமா? விசாரணை நீதிமன்றம் கொலை முயற்சி என்று கண்டு சிறைத்தண்டனை விதித்தது; பின்னர் தண்டனைக் காலம் குறைக்கப்பட்டது.

சென்னைச் சிறுவன் வழக்கு

2011 சூலை 3 அன்று சென்னைத் தீவுத்திடல் அருகே இராணுவ அதிகாரிகள் குடியிருப்பு வளாகத்துக்குள் வாதாங்கொட்டை பொறுக்கச் சென்ற 13 வயதுச் சிறுவன் சுடப்பட்டு இறந்தான். குடிசைப் பகுதிச் சிறுவன் ஒருவன் பாதுகாக்கப்பட்ட வளாகத்துள் இறந்ததால் வழக்கு பெரும் கவனம் பெற்றது. குற்றப் பிரிவு குற்றப் புலனாய்வுத் துறை புலனாய்வு செய்து, ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவரைக் கைது செய்தது. சுட்ட துப்பாக்கி கூவம் ஆற்றிலிருந்து மீட்கப்பட்டது. 2012 ஏப்ரலில் விசாரணை நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது.

என்றிகா இலெக்சி வழக்கு

2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கடற்கரைக்கு அப்பால், இத்தாலியக் கப்பலில் காவலுக்கு இருந்த கடற்படை வீரர்கள் சுட்டதில் இரு மீனவர்கள் இறந்தனர். ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தவர். கடற்கொள்ளையர் என்று எண்ணிச் சுட்டதாக இத்தாலியத் தரப்பு கூறியது. கேரளக் காவல்துறை கொலைக் குற்றம் பதிந்தது. ஆனால் உள்நோக்கமா, தவறான நம்பிக்கையா என்ற கேள்வி இந்திய நீதிமன்றத்தில் விசாரிக்கப்படவே இல்லை. வீரர்களுக்கு விலக்குரிமை உண்டு என்று பன்னாட்டு நடுவர் தீர்ப்பாயம் 2020இல் தீர்ப்பளித்தது. 10 கோடி உரூபாய் இழப்பீடு செலுத்தப்பட்டபின் 2021 சூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது.

காவல்துறையினர் சுடும்போது

காவலர்கள் சுட்ட வழக்குகளில் மூன்றாம் விதிவிலக்கு மையமாகிறது. சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைக்கவும் கைது செய்யவும் தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்தச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாதவரைக் கைது செய்யும் பொருட்டு அவருக்கு மரணம் விளைவிக்க உரிமை இல்லை. நல்லெண்ணத்துடன் எல்லை மீறினால் அது குறைந்த குற்றம். நல்லெண்ணம் இல்லையெனில் சீருடை எந்த விலக்கும் தராது.

1997 மார்ச்சு 31 அன்று தில்லி கன்னாட்டு பிளேசு பகுதியில் காவலர்கள் ஒரு மகிழுந்தைச் சூழ்ந்து சுட்டதில் இரு வணிகர்கள் இறந்தனர். தேடப்பட்ட குற்றவாளி என்று அவர்களுள் ஒருவரைத் தவறாகக் கருதியிருந்தனர். உள்ளிருந்தோர் முதலில் சுட்டனர் என்ற காவல்துறையின் கூற்று பொய் என்று கண்டறியப்பட்டது. 10 காவலர்கள் கொலைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றனர். 2011இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆள் மாறியது தவறுதலாயினும், சுட்டது தவறுதல் அன்று.

தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது தொடங்கிய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தனர். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை புலனாய்வை நடுவண் புலனாய்வுச் செயலகத்திடம் ஒப்படைத்தது. தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி அருணா செகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. காவல்துறை மிகையாகச் செயல்பட்டது என்று கூறிய அவ்வறிக்கை, அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. விசாரணை ஆணையத்தின் முடிவு குற்றச்சாட்டு ஆகாது என்பதை இங்கு கவனிக்க வேண்டும். அது அரசைக் கட்டுப்படுத்தாது. எவரையும் குற்றவாளி என்று தீர்மானிக்க நீதிமன்ற விசாரணையே வேண்டும்.

இத்தகைய வழக்குகளில் இரு கூடுதல் தடைகள் உள்ளன. ஒன்று, அலுவல் கடமையில் செய்த செயலுக்காக அரசு ஊழியர் மீது வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி தேவை. மற்றொன்று, புலனாய்வு செய்வதும் காவல்துறையே. இரண்டாவதைச் சரிசெய்ய உச்ச நீதிமன்றம் 2014இல் 16 நெறிமுறைகளை வகுத்தது. மோதலில் மரணம் நேர்ந்தால் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். குற்றப் புலனாய்வுத் துறையோ வேறு காவல் நிலையக் குழுவோ உயர் அதிகாரியின் மேற்பார்வையில் புலனாய்வு செய்ய வேண்டும். நடுவர் விசாரணை நடைபெற வேண்டும் என்பன அவற்றுள் சில.

பிற நாடுகளில்

இங்கிலாந்தில் கடும் குற்ற வழக்குகளில் காவல்துறையன்றி அரச வழக்குத்துறையே குற்றச்சாட்டை முடிவு செய்கிறது. தண்டனை கிடைக்கும் வாய்ப்பு உண்மையாக உள்ளதா, வழக்கு பொதுநலனுக்கு உகந்ததா என்ற இரு சோதனைகளை அது கையாள்கிறது. 1999இல் நோர்போக்கு பகுதி விவசாயி தோனி மார்ட்டின் தம் வீட்டில் புகுந்த இளைஞர் ஒருவரைச் சுட்டுக் கொன்றார். சான்றாயர் 2000இல் கொலை என்றனர். 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மனநலக் குறைபாட்டைக் கருதி அதைக் குறைந்த குற்றமாக மாற்றியது.

தென்னாப்பிரிக்காவில் ஓட்டப்பந்தய வீரர் ஆசுகார் பிசுட்டோரியசு 2013இல் மூடிய கழிவறைக் கதவின் ஊடே சுட்டுத் தம் தோழியைக் கொன்றார். உள்ளே திருடன் என்று எண்ணியதாகக் கூறினார். விசாரணை நீதிமன்றம் கவனக்குறைவு சார்ந்த குறைந்த குற்றமே என்றது. 2015இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கொலை என்று உயர்த்தியது. கதவுக்குப் பின்னால் யார் இருந்தாலும் இறக்கக்கூடும் என்று அவர் முன்னுணர்ந்தே சுட்டார் என்பது அதன் காரணம்.

ஐக்கிய அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் வழக்கறிஞர் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்படுகிறார். குற்றச்சாட்டைத் தெரிவு செய்வதிலும், குற்றத்தை ஒப்புக்கொண்டால் குறைந்த பிரிவுக்கு இசைவதிலும் அவருக்குப் பரந்த அதிகாரம் உண்டு. இந்தியாவில் 2006 முதல் நடைமுறையில் உள்ள ஒப்புதல் பேரம், ஏழாண்டுக்கு மேற்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களுக்குப் பொருந்தாது. எனவே கொலை வழக்கைப் பேரம் பேசிக் குறைக்க வழியில்லை.

விமர்சனங்கள்

கொலைக்கும் கொலைக் குற்றமாகாத மரணத்துக்கும் இடையிலான சொற்கள் மிக நெருக்கமானவை என்பது நெடுநாளைய குறையாகும். "நேரக்கூடிய", "போதுமான", "ஏறத்தாழ உறுதியான" என்ற சொற்களின் வேறுபாட்டில் ஒருவரின் வாழ்நாள் தொங்குகிறது. புதிய சட்டமும் அச்சொற்களை மாற்றவில்லை. ஒரே சான்றுகளிலிருந்து கீழ் நீதிமன்றமும் மேல் நீதிமன்றமும் வெவ்வேறு முடிவுக்கு வருவது இதனால் அடிக்கடி நிகழ்கிறது.

மறுபுறம், பாதிக்கப்பட்டோரின் குரலுக்கு இடம் கூடியுள்ளது. 2009 இறுதியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, குற்றவாளி விடுவிக்கப்பட்டால் மட்டுமன்றிக் குறைந்த குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டாலும் இறந்தவரின் குடும்பத்தினர் மேல்முறையீடு செய்யலாம். புதிய நடைமுறைச் சட்டமும் இவ்வுரிமையைத் தொடர்கிறது. குற்றத்துக்கு எப்பெயர் இடப்படுகிறது என்பது அரசுக்கும் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் மட்டும் உரிய செய்தியன்று என்பதை இத்திருத்தம் ஏற்றுக்கொண்டது.